‘செல்வி’ என்பது பெயரல்ல

போன வாரம் நாகவேணி போன் செய்தாள். முப்பத்துநான்கு வருஷம் நான் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

“சார், ஆணையம் வருதாம். இந்தத் தடவ நெஜமாவே வருதாம். ஆபீஸ்ல புதுசா நாலு பேர் சேர்ந்திருக்காங்க. அவங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார்.”

“எந்த அனுபவம்மா? சீல் குத்துனதா, டீ குடிச்சதா?”

“அந்தச் செல்வி கேஸ்.”

“அத எழுதுனா நான் கோமாளியா தெரிவேனே.”

“அதுக்குத்தான் சார் கேக்கறோம்.”

சரி, எழுதுகிறேன். ஆனால் தமிழில்தான் எழுதுவேன். மொழிப்பற்று என்று யாராவது நினைத்தால் சந்தோஷம். உண்மைக் காரணம், நாகவேணிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவள் ஆள் தேடிப் படிக்கச் சொல்லிக் கேட்பதற்குள் நான் வெட்கப்பட்டு முடித்திருப்பேன்.

வெளியாட்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் எந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனாலும், மாத்திரை எடுத்துத் தருபவரின் தலைக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ் தொங்கும். இவர் மருந்து படித்தவர், இவர் கையால் வாங்கிச் சாப்பிடலாம் என்று அது சொல்கிறது. அதற்கு எண் கொடுத்து, பெயரைப் பதிவேட்டில் ஏற்றி வைத்திருப்பது எங்கள் அலுவலகம். பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை அவர் மருந்தாளுநர். இல்லாவிட்டால் மேஜைக்குப் பின்னால் நிற்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

நான் பிறந்தது நீலசந்திராவில். படித்தது கன்னட மீடியம். தமிழ் எழுத்தைச் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதனால் வெகுகாலம் பெரிய எழுத்தென்றால் வேகமாகப் படிப்பேன், சின்ன எழுத்தென்றால் திணறுவேன். இந்தக் கட்டுரையில் ர, ற இடம் மாறாமல் இருந்தால் அது என் மருமகள் செய்த உதவி. அலுவலகத்தில் முதல் மூன்று வருஷம் தபால் உறைகளுக்குப் பசை தடவினேன். அடுத்த நான்கு வருஷம் பதிவேட்டில் கோடு போட்டேன். கோடு நேராக வந்த பிறகுதான் பெயர் எழுத விட்டார்கள். பயிற்சிக் காலம் முடிந்தது.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அந்த அலுவலகத்தின் இலுப்பைப்பூ நான். தமிழில் ஒரு சான்றிதழ் வந்தால், “கோதண்டத்த கூப்பிடு” என்பார்கள். நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அதைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்து, போஸ்டர் படிக்கிற தோரணையில் படித்து அர்த்தம் சொல்வேன். தப்பா சரியா என்று சொல்ல அங்கே யாரும் கிடையாது. மனிதனைக் கெடுக்க இதைவிட நல்ல வசதி வேண்டாம்.

பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய காலத்தில்தான் நான் முழுசாகக் கெட்டேன். அகரவரிசைப்படி அடுக்கச் சொன்னால், பாதி மாநிலம் ‘எஸ்’ எழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் ஆண்கள் பெயருக்கு முன்னால் ஸ்ரீ, பெண்கள் பெயருக்கு முன்னால் ஸ்ரீமதி. மீதிப் பெண்கள் குமாரிகள். மரியாதைச் சொற்களையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று அப்போதைய ரிஜிஸ்ட்ரார் உத்தரவு போட்டார். பட்டியல் தயாரானது. நடுவில் ஒரு சொல்லில் அவர் பேனா நின்றது. என்னைக் கூப்பிட்டார்.

“கோதண்டம், ‘செல்வி’ அந்த்ரே ஏனு?”

செல்வி என்றால் என்ன என்று கேட்கிறார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “செல்வின்னா குமாரி சார். கல்யாணம் ஆகாத பொண்ணு.”

“பேரு இல்லையா?”

“பேரே இல்ல சார்.”

எழுதிக் கொடு என்றார். அரைப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். ‘செல்வி’ என்பது பெயரல்ல. தமிழில் மணமாகாத பெண்ணின் பெயருக்கு முன் வரும் பட்டம். எந்தச் சான்றிதழில் வந்தாலும் பட்டமாகவே கருதி நீக்க வேண்டும். கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. எழுதும்போது சுகமாக இருந்தது, எழுதிவிட்டேன். கையெழுத்தை முழுப் பெயராகப் போட்டு, அடியில் ‘தமிழ் அறிந்தவர்’ என்று நானே சேர்த்துக்கொண்டேன்.

கம்பெனியிலிருந்து வந்த ஆபரேட்டர் ஒரு பொத்தானைத் தட்டினார். பட்டியலில் உள்ள சொல் எங்கே இருந்தாலும் தானாக அழிந்துவிடுமாம். அழிந்தது. ஸ்ரீகாந்த் காந்த் ஆனார். கலைச்செல்வி வெறும் கலை. தமிழ்ச்செல்வி வெறும் தமிழ். மாநிலத்தின் ஸ்ரீனிவாசர்கள் அத்தனை பேரும் நிவாசர்கள். வீடு இருக்கிறது, லட்சுமி கிளம்பிவிட்டாள். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு ஸ்ரீனிவாசமூர்த்தி தன் மைத்துனன் பெயரைத் தேடி வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பழையபடி மீட்டு, தனியாக நிற்கிற சொல்லை மட்டும் நீக்கு என்று கட்டளையைத் திருத்தி மறுபடி ஓட்டினார்கள். லட்சுமி வீடு திரும்பினாள். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். ஸ்ரீனிவாசர்களை ஒவ்வொருவராகச் சரிபார்த்தோம். செல்விகளை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான். நான் ஜிலேபி தின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு பல வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. புதுப்பிக்க வருபவர்கள் எண்ணைச் சொல்வார்கள், நாங்கள் எண்ணுக்கு ரசீது கொடுப்போம். பெயர் என்று ஒன்று இருப்பதையே இரண்டு தரப்பும் மறந்திருந்தோம்.

அப்புறம் ஆணையம் வருகிறது என்ற பேச்சு வந்தது. பழைய அமைப்புகளையெல்லாம் கலைத்து, மருந்தாளுநர் தொழிலுக்கு நாடு முழுவதற்கும் புதிதாக ஒரே ஆணையம். அதற்கு ஒரே பதிவேடு. பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் அலுவலகத்தில் யாரும் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்காரவில்லை. இந்தக் கட்டடம் இருக்குமா, நம்மை எந்தத் துறைக்குத் தள்ளுவார்கள், சீல் மாறுமா, சீல் போடுகிறவன் மாறுவானா என்று ஒவ்வொரு மேஜையிலும் இதே பேச்சு. ஓய்வு பெற நான்கு மாதம் இருந்த எனக்கு என்ன கவலை? ஆனாலும் என் கால்கள் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போவேன், குடிக்காமல் திரும்புவேன். எதற்கு எழுந்தோம் என்று யோசிக்க மறுபடி எழுவேன். நாகவேணி அப்போது எனக்குக் கீழே ஜூனியர். “சார், உங்களுக்கு ஒரு மீட்டர் போட்டா ஆட்டோவுக்கு வர்ற வருமானம் வரும்” என்பாள்.

அந்த நேரத்தில் எங்களுக்கு ரிஜிஸ்ட்ராராக இருந்தவர் மல்லேஷப்பா. அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோப்பு எதிரில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் குப்புற வைப்பார். கையில் பென்சிலை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் போவார். ஆனால் ஒரு கோடு கிழிக்க மாட்டார். கடிகாரத்தைத் திரும்பக் கட்டினால் முடிவு ஆகிவிட்டது என்று அர்த்தம். கட்டாமல் கோப்பை மூடினால் “நோடோணா”, அதாவது பார்ப்போம். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். முதல் தடவை கன்னடத்தில், இரண்டாவது ஆங்கிலத்தில். மூன்றாவது தடவை வாயைத் திறக்க மாட்டார், சும்மா பார்ப்பார். முதல் இரண்டுக்கும் பொய் சொல்லிப் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவதுக்கு யாரும் தேறியதில்லை.

ஒரு திங்கட்கிழமை ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் கண்ணாடிச் சட்டத்தோடு சான்றிதழ். மூலையில் சந்தனப் பொட்டு, ஆணியில் தொங்கிய கம்பி இன்னும் அப்படியே.

“சார், ஆஸ்டின் டவுன்ல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன். உங்க வெப்சைட்ல என் நம்பர போட்டா ‘ஏ’ன்னு வருது.”

“ஏன்னு வருதா?”

“ஏன்னு இல்ல. ஏ. ஏ புள்ளி. அவ்ளோதான் என் பேரு.”

நாகவேணி எண்ணைத் தட்டினாள். பெயர்க் கட்டத்தில் ஓர் ஆங்கில எழுத்து, ஒரு புள்ளி. வேறு ஒன்றுமில்லை.

“வீட்டுக்காரரு மட்டும்தான் என்ன ‘ஏ’ன்னு கூப்பிட்டுக்கினு இருந்தாரு” என்றாள் அந்தப் பெண். “இப்ப கவர்மெண்டும் ஆரம்பிச்சிடுச்சு.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சான்றிதழைத் திருப்பி அதில் இருந்த பெயரைப் படித்தேன். குமாரி செல்வி ஏ. அப்பா பெயர் ஆறுமுகம். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முன்னால் இருந்த குமாரியைப் பட்டம் என்று எடுத்தார்கள், சரி. அடுத்திருந்த செல்வியையும் பட்டம் என்று எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது அப்பாவின் முதலெழுத்து. மற்ற செல்விகளுக்குப் பின்னால் ராணி, மேரி என்று இன்னொரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததால் தப்பித்திருக்கிறார்கள். இவளுக்கு ஒரே பெயர்தான். அது போய்விட்டது.

“எப்ப சரி பண்ணுவீங்க? லைசென்ஸ் புதுப்பிக்கணும். பேரு பொருந்தற வரைக்கும் டாக்டர் சீட்டு மருந்து விக்கக் கூடாதுன்னுட்டாங்க. சோப்பு, பவுடர், டயப்பர் வித்துக்கினு இருக்கேன். ஃபிரிட்ஜ் நெறைய இன்சுலின். சுகர்காரங்கல்லாம் வந்து வந்து திரும்பிப் போறாங்க.”

அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது, அதை நாகவேணி சொன்னாள். ஆணையத்துக்கு அனுப்பும் பட்டியல் இன்னும் மூன்று வாரத்தில் மூடப்படுகிறது. பெயரும் அடையாள அட்டையும் பொருந்தாதவர்கள் பட்டியலில் ஏறமாட்டார்கள். ஏறாவிட்டால் புதிய பதிவேட்டில் செல்வி என்றொரு மருந்தாளுநரே கிடையாது. இருபது வருஷம் மருந்து கொடுத்தவள் மறுபடி முதல் வகுப்பிலிருந்து விண்ணப்பம் போட வேண்டும்.

“ஒரு வாரத்துல முடிச்சிடலாம்மா” என்றேன். நான் இப்படித்தான் சொல்வேன். வாய் முந்திக்கொள்ளும், கை பிறகு வரும்.

பெயர்த் திருத்தம் எங்களுக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் உள்ளபடி எழுதினால் போதும். அட்டையில் ‘செல்வி ஏ’ என்றுதான் இருந்தது. கோப்பைக் கட்டி மல்லேஷப்பா மேஜையில் வைத்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றிக் குப்புற வைத்தார். பென்சில் ஊர்ந்தது. நின்றது. விதிப்படி சேர்த்திருந்த பழைய உத்தரவுகளின் அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவி எடுத்தார். என் குறிப்பு.

“எந்தச் சான்றிதழில் வந்தாலும் பட்டமாகவே கருதி நீக்க வேண்டும். இது அமலில் இருக்கிற குறிப்பு. மதிப்பெண் அட்டையும் ஒரு சான்றிதழ்தானே?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஆமா சார். ஆனா செல்வி பேராவும் வரும் சார்.”

“அப்படியானால் இதை எழுதியது யார்?”

கையெழுத்து அவர் கண்ணெதிரில் இருக்கிறது. ஆனாலும் கேட்டார். “அப்ப இருந்தவங்க யாரோ” என்று இழுத்தேன். ஆங்கிலத்தில் கேட்டார். “பழைய பேப்பர் சார்” என்றேன். மூன்றாவது தடவை பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே புறாவைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைக் கட்டாமலே கோப்பை மூடினார்.

“நோடோணா. குறிப்பை எழுதியவர் காரணம் சொல்லித் திருத்தட்டும். இல்லையென்றால் செல்வி பெயர்தான் என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள்.”

இரண்டு வழி. ஒன்றில் ‘நான் முட்டாள்’ என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மெமோ வரும், ஓய்வுக் காகிதங்களில் ஒரு சிவப்பு வரி ஏறும். இன்னொன்றில் ஓடினால் போதும். நான் ஓடினேன்.

ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். நீலசந்திராவில் ‘செல்வி டெய்லர்ஸ்’ பலகையைப் போட்டோ எடுத்தேன். சிவாஜிநகரில் ‘செல்வி பிரியாணி’யை எடுத்தேன். மல்லேஷப்பா பார்த்துவிட்டு, “இது கடையின் பெயர், மனுஷி எங்கே?” என்றார். செல்வியின் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு போனேன். ‘திருநிறைச்செல்வி ஆ. செல்வி’ என்று அச்சடித்திருந்தது. சொல் சொல்லாக மொழிபெயர்த்தேன்.

“முதல்ல வர்ற செல்வி பட்டம் சார். ரெண்டாவது பேரு.”

“முதலாவது பட்டம் என்றால் இரண்டாவது எப்படிப் பெயர்? இரண்டு முறை மரியாதை கொடுத்திருக்கலாமே? நீங்கள் ‘ஸ்ரீ ஸ்ரீ’ என்று போடுவதில்லையா?”

கோபம் வந்தது, அவர்மேல் கோபப்படுவதா, பத்திரிகை அடித்தவன்மேலா என்று தெரியாமல் படியிறங்கினேன். ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, தேவாலயம் என்று அலைந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன். அப்படி நிற்கும்போது ஒரு நாள், மார்க்கெட் பக்கம் பஸ் திரும்புகையில், நினைவு வந்து கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

என் சித்தியின் பெயர் செல்வி.

அம்மாவின் சொந்தத் தங்கை. என்னைத் தூக்கி வளர்த்தவள். குறிப்பு எழுதிய அன்று காலையில்கூட அவள் வீட்டில்தான் இட்லி தின்றிருப்பேன். ஆனால் பிறந்ததிலிருந்து நான் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டேன். சித்தப்பா ‘இந்தா’ என்பார், தெருவில் ‘மணியம்மா’ என்பார்கள், மணி அவள் மூத்த மகன். செல்வி என்று ஒருவரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரிஜிஸ்ட்ரார் கேட்டபோது எனக்குக் குமாரி நினைவுக்கு வந்தது, சித்தி வரவில்லை. அவள் போய்ச் சேர்ந்து அப்போதே ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆதாரமாகக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது.

மூன்றாவது வாரம் பிறந்துவிட்டது. செல்வி ஜன்னலுக்கு வந்தாள். இந்த முறை கையில் கண்ணாடிச் சட்டத்தோடு ஒரு பழுப்பு உறையும்.

“ஒரு வாரம்னீங்க. இது எத்தனாவது வாரம்ணா?”

“முயற்சி பண்ணிக்கினே இருக்கேம்மா. சட்டச் சிக்கல்.”

“சிக்கல எழுதினது யாரு?”

எனக்கு அவள் மல்லேஷப்பாவோடு பேசி வைத்துக்கொண்டு வந்தவள்போலத் தோன்றியது. “பழைய ஆளுங்க” என்றேன்.

அவள் உறையைத் திறந்து ஒரு நகலை ஜன்னல் வழியாகத் தள்ளினாள். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு எங்கள் அலுவலகத்திலிருந்தே வாங்கியிருக்கிறாள். என் குறிப்பு. அடியில் என் கையெழுத்து, அதன் அடியில் ‘தமிழ் அறிந்தவர்’.

“என் பேரத்தான் அழிச்சிட்டீங்க. உங்க பேர எவ்ளோ அழகா போட்டிருக்கீங்க, கோதண்டம்னு ஒரு எழுத்துகூட கொறையாம.”

நாகவேணி கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டாள். நான் அந்த நகலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான்தாம்மா எழுதினேன்” என்றேன்.

“தெரியும். மொத நாளே சொல்லியிருந்தா இந்நேரம் நான் இன்சுலின் வித்துக்கினு இருப்பேன். எனக்கு ரொம்ப பேஜாராயிடுச்சுண்ணா. உங்களத் திட்டக்கூட டைம் இல்ல. அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க.”

போனேன். மல்லேஷப்பா வேறு கோப்பில் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்: அந்தக் குறிப்பு என்னுடையது, தப்பு, என் சித்தி பெயரே செல்வி. அவர் நிமிர்ந்தார். சித்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“காரணம்?”

“எனக்குத் தமிழ் தெரியும்னு நெனச்சிட்டேன் சார்.”

“இது உங்களைப் பற்றிய காரணம். சொல்லைப் பற்றிய காரணம் வேண்டும். நாளை ஆணையத்திலிருந்து தணிக்கைக்கு வருவார்கள். பழைய குறிப்பு தப்பு என்று அதே ஆள் சொன்னால், எது தப்பு என்று அவர்கள் கேட்பார்கள். அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள். விசாரித்துப் பதிவு செய்வோம்.”

கதவைத் திறந்து நடைகூடத்தில் தலையை நீட்டினேன். பெஞ்சுகளில் முப்பது பேர் இருப்பார்கள். இத்தனை நாளும் அவளை ‘ஏம்மா’, ‘இங்க பாரும்மா’ என்றே சமாளித்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் ஏம்மா என்றால் பாதிப் பேர் எழுந்து வருவார்கள். அதனால் முதல் தடவையாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

“செல்வி.”

கண்ணாடிச் சட்டத்தை அணைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். அவளுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி, மகளின் பதிவுக்குத் துணையாக வந்திருந்த ஓர் அம்மா, “என்னையா கூப்டீங்க?” என்று புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். படிக்கட்டுப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல்.

“இன்னா சார், இப்பத்தான குடுத்தேன், மறுபடி டீயா?”

எங்கள் டீயக்கா. பதினோரு வருஷமாகத் தினம் இரண்டு வேளை எனக்கு டீ ஊற்றிக் கொடுப்பவள்.

“உன் பேரு செல்வியா?” என்றேன்.

“அப்புறம் டீயக்கான்னா என் அம்மா பேரு வெச்சாங்க?”

திரும்பினேன். மல்லேஷப்பா எழுந்து வந்து என் பின்னால் கதவருகே நின்றிருந்தார். ஒவ்வொருவராக விரலால் எண்ணினார். “மூறு ஜனா” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மூன்று பேர்.

“இவர்கள் மூவரும் குமாரிகளா?”

நான் தமிழில் கேட்டேன். துணைக்கு வந்த அம்மா மகளைத் தொட்டுக் காட்டி, “இவ ரெண்டாவது பொண்ணு சார்” என்றார். டீயக்கா, “கல்யாணம் ஆவலன்னா நான் ஏன் சார் இங்க வந்து டீ விக்கிறேன்?” என்றாள். மெடிக்கல் ஷாப் செல்வி தாலியை எடுத்துக் கண்ணாடிச் சட்டத்தின் மேல் போட்டாள்.

மல்லேஷப்பா மூவரையும் உள்ளே உட்கார வைத்தார். டீயக்கா அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி நுனியில் தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இன்று நடைகூடத்தில் ‘செல்வி’ என்று அழைத்தபோது மூவர் எழுந்தனர். மூவரும் மணமானவர்கள். எனவே ‘செல்வி’ பெயராகவும் வழங்குகிறது. முந்தைய குறிப்பு தவறு. அதை எழுதியவன் நான்.

‘நான்’ என்ற இடத்தில் பேனா நின்றது. அவர் பார்த்தார். எழுதினேன். சாட்சிக் கையெழுத்து மூன்று. மூன்றும் ஒரே சொல், மூன்று விதக் கோணல். டீயக்காவினுடையது கொஞ்சம் பெரிது, போஸ்டர் எழுத்துப்போல. சிரமமில்லாமல் படித்தேன்.

அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே, “உங்களுக்கு மெமோ வரும்” என்றார். வந்தது. பதில் எழுதினேன், ஓய்வுக் காகிதம் ஐந்து வாரம் தள்ளிப் போனது. அது என் சொந்தக் கதை, விடுங்கள்.

நாங்கள் எல்லோரும் நாகவேணியின் மேஜையைச் சுற்றி நின்றோம். பட்டியல் மூட இரண்டு நாள்தான் இருந்தது. ஆணையத்துக்கான புதிய படிவம் திரையில் திறந்தது. முதல் கட்டத்திலேயே அவள் கை நின்றது.

“சார், மொதல்ல பட்டம் கேக்குது. லிஸ்ட்டுல ஸ்ரீமதி இருக்கு, குமாரி இருக்கு.” கொஞ்சம் தயங்கினாள். “செல்வியும் இருக்கு.”

மல்லேஷப்பாதான் சொன்னார், “காலி பிடம்மா”. கன்னடத்தில் காலியாக விடு என்று அர்த்தம்.

“ஆமா, அது காலியாவே இருக்கட்டும்” என்றாள் செல்வி. “பேர அடிங்க மொதல்ல.”

எங்கள் பிரிவில் பெயரை அடிப்பது என்றால் சிவப்புக் கோடு போட்டு நீக்குவது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “டைப் அடிக்கச் சொல்றாங்க” என்று நாகவேணி என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஐந்து ஆங்கில எழுத்தைத் தட்டினாள். அடுத்த கட்டத்தில் ஏ. சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அந்த வரி பச்சையானது.

நான் அச்சடித்துக் கொடுத்தேன். செல்வி வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக உதடு அசையப் படித்தாள். மடிப்பாள் என்று நினைத்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“சரியாத்தாம்மா இருக்கு” என்றேன்.

“இருக்கட்டும்ணா. மருந்துப் பேர எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ படிக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றாள், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. “உங்க ஆபீஸ்ல அப்படி எதுவும் கெடையாதா?”